மணிக்கட்டு முறிவுச் சத்திரசிகிச்சைக்குப் பின் கையை மீட்டெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிக்கட்டு முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பயிற்சி கற்றுக்கொடுப்பது மட்டக்களப்பில் என் அன்றாட வேலை. வாகரையிலிருந்து வருபவரும் அக்கரைப்பற்றிலிருந்து வருபவரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கிளினிக் நாளில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் அவற்றுக்கு முழுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டை ஒட்டிய முனையில் உடைந்து, உள்ளங்கைப் பக்கமாகத் தகடும் திருகாணிகளும் வைக்கப்பட்ட கையைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறேன். தகட்டுக்குப் பதிலாக எலும்பில் கம்பி குத்தப்பட்டவர்களுக்கு எங்கே வேறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். உங்கள் கிளினிக் கொப்பியில் சத்திரசிகிச்சை நிபுணர் எழுதியிருப்பது இதற்கு மாறாக இருந்தால் கொப்பியில் உள்ளதையே பின்பற்றுங்கள். உங்கள் எலும்பைத் திறந்து பார்த்தவர் அவர்.

எலும்பைத்தான் தகடு வைத்துப் பொருத்தியாயிற்றே, பிறகு எதற்குப் பயிற்சி?

தகடு செய்வது ஒரே ஒரு வேலை: உடைந்த துண்டுகள் ஒட்டும்வரை அவற்றை இருந்த இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. எலும்பைச் சுற்றியுள்ள எதையும் அது குணப்படுத்துவதில்லை. மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் ஒன்றையொன்று உரசி நகர்கின்றன. அவற்றின் மேலும் கீழுமாக விரல்களை இயக்கும் தசைநாண்கள் ஒடுங்கிய பாதைகள் வழியே ஓடுகின்றன. முறிவின்போது கசிந்த இரத்தமும் அதன்பின் ஏறிய வீக்கநீரும் இந்த இடுக்குகளுக்குள் தேங்கி, அசைவில்லாமல் கிடந்தால், நாளடைவில் பசைபோல் இறுகித் தசைநாணைப் பக்கத்துத் திசுவோடு ஒட்டிவிடுகின்றன. மூட்டைச் சுற்றியுள்ள உறையும் சுருங்குகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாக இருக்க, கை மட்டும் மரக்கட்டைபோல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அயர்லாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் ஆபிரகாம் கோலிஸ் இந்த முறிவை 1814 ஆம் ஆண்டில், எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, விவரித்தார். கை கோணலாகவே ஒட்டினாலும் காலப்போக்கில் வலியின்றி முழுமையாக அசையும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை எல்லோருக்கும் பொருந்தவில்லை என்பதை இன்று அறிவோம். தகடு வைப்பதன் பெரிய நன்மையே, எலும்பு ஒட்டி முடியுமுன் கையை அசைக்கத் தொடங்கலாம் என்பதுதான். தகட்டை வைத்துக்கொண்டு கையை ஆறு வாரம் அசைக்காமல் வைத்திருப்பவர் அந்த நன்மையை இழக்கிறார்.

எப்போது தொடங்க வேண்டும்?

விரல்களை, மரத்த கை உணர்வு திரும்பிய அன்றே, வாட்டில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். முழங்கையும் தோளும் அப்படித்தான். மணிக்கட்டை, தகடு உறுதியாகப் பிடித்திருப்பதாக நிபுணர் கருதினால், பொதுவாக முதல் ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் மெதுவாக அசைக்கச் சொல்வார்கள். தையல் இழை வெட்டுவது பெரும்பாலும் 10 முதல் 14 நாட்களில் நடக்கும். பலருக்கு மணிக்கட்டுப் பயிற்சியும் அந்தக் கிளினிக் நாளிலேயே ஆரம்பமாகிறது. கம்பி குத்தப்பட்டவர்கள், கம்பியைக் கழற்றும்வரை, அதாவது ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள், மணிக்கட்டை அசைக்கக் கூடாது. விரல், முழங்கை, தோள் பயிற்சிகளுக்கு அவர்களுக்கும் முதல் நாளிலிருந்தே தடையில்லை.

விரல் உடையவில்லையே, விரலுக்கு ஏன் இவ்வளவு பயிற்சி?

சில ஆண்டுகளுக்கு முன் படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஆறு வாரமாகக் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து, ஒரு குழந்தையைப்போல் பாதுகாத்திருந்தார். எலும்பு ஒட்டியிருந்தது, காயம் ஆறியிருந்தது. ஆனால் கையைப் பொத்தச் சொன்னபோது விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே என் மூன்று விரல்கள் நுழையும் அளவுக்கு இடைவெளி நின்றது. விரலை அசைக்கலாம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அசைத்தால் தகடு கழன்றுவிடும் என்று அயலில் சொன்னதை அவர் நம்பியிருந்தார். அந்த மூன்று விரல் இடைவெளியை மூட எங்களுக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. முதல் வாரத்திலேயே விரல்களை அசைத்திருந்தால் அந்த நான்கு மாதமும் தேவைப்பட்டிருக்காது என்பதே எனக்கு இன்றுவரை உள்ள வருத்தம்.

விரல் பயிற்சி ஐந்து நிலைகளைக் கொண்டது. முதலில் விரல்களை முழுமையாக நீட்டுங்கள். அடுத்து, அடிமூட்டை நேராக வைத்துக்கொண்டு மற்ற இரண்டு மூட்டுகளையும் மடக்கிக் கொக்கிபோல் ஆக்குங்கள். பிறகு முழுமையாகப் பொத்துங்கள். அதன்பின் விரல்களை நேராக வைத்து அடிமூட்டில் மட்டும் மடக்குங்கள். இறுதியாக, அதே நிலையிலிருந்து விரல் நுனிகள் உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தொடுமாறு மடியுங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஐந்து வினாடி நிற்க வேண்டும். பெருவிரல் ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டுவிட்டு, சுண்டுவிரலின் அடிவரை போய்த் திரும்ப வேண்டும். ஒரு தடவைக்குப் பத்துமுறை, விழித்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு மணித்தியாலமும் செய்தாலும் அதிகமில்லை. விரலை மெல்ல ஆட்டிக் காட்டுவது பயிற்சியாகாது. மடிக்கக்கூடிய கடைசி எல்லைவரை மடித்து நீட்டினால்தான் தசைநாண் தன் பாதையில் முழுத்தூரம் ஓடும்.

கழுத்தில் துணி கட்டித் தொங்கவிட்டிருப்பவர்கள் வீட்டுக்குள் இருக்கும்போது அதைக் கழற்றிவிட்டு, நாளில் சில தடவையாவது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி இறக்க வேண்டும். மணிக்கட்டுக்காக வந்தவர் தோளும் இறுகிப்போய் நிற்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வீக்கம் வற்றவே இல்லை. என்ன செய்வது?

முதல் சில வாரங்களுக்கு வீக்கம் இருப்பது இயல்பு. கை நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். உட்காரும்போது இரண்டு தலையணைகளை அடுக்கி அதன்மேல் வையுங்கள், படுக்கும்போதும் அப்படியே. கையை உயரத்தில் வைத்தபடி இறுகப் பொத்தி விரிப்பது, வீக்கநீரைத் தசைகள் பிழிந்து மேலே அனுப்புவதற்குச் சமம். அந்தக் கையில் மோதிரமும் வளையலும் வேண்டாம். கழற்ற மனமில்லாவிட்டால் நல்ல கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீங்கிய விரலில் இறுகிய மோதிரத்தை அறுத்து எடுக்க நேர்வது வேதனையான காரியம்.

மணிக்கட்டுப் பயிற்சியை வீட்டில் எப்படிச் செய்வது?

மேசை ஓரத்தில் முன்கையை வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்குமாறு அமருங்கள். உள்ளங்கை கீழே பார்க்கட்டும். முன்கைக்கு அடியில் மடித்த துவாய் ஒன்றை வைத்தால் விளிம்பு அழுத்தாது. கையை மெதுவாகக் கீழே தொங்கவிட்டு, பிறகு முடிந்தவரை மேலே உயர்த்தி, ஐந்து வினாடி பிடித்து இறக்குங்கள். பத்துமுறை செய்தபின், பெருவிரல் மேலே பார்க்குமாறு கையைத் திருப்பி, பெருவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமுமாகச் சாயுங்கள். இவ்வாறு நாளுக்கு ஐந்தாறு தடவை செய்ய வேண்டும். ஒரே தடவையில் ஒரு மணித்தியாலம் செய்து களைப்பதைவிடப் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்வது இந்த மூட்டுக்கு நல்லது.

இங்கே ஏறக்குறைய எல்லோரும் விடும் தவறு ஒன்று உண்டு. மணிக்கட்டை உயர்த்தச் சொன்னால் விரல்களை விறைப்பாக நீட்டி, விரல் தசைகளின் பலத்தால் கையைத் தூக்குகிறார்கள். பார்ப்பதற்கு மணிக்கட்டு உயர்ந்ததுபோல் இருக்கும். பொருளொன்றைப் பிடித்தவுடன் கை மறுபடி கீழே விழும். ஆகவே ஒரு பேனையையோ சுருட்டிய கைக்குட்டையையோ தளர்வாகப் பிடித்துக்கொண்டு உயர்த்துங்கள். விரல்கள் மடிந்திருக்கும்போது மணிக்கட்டைத் தூக்கும் தசைகளே அந்த வேலையைச் செய்தாக வேண்டும். மணிக்கட்டு சற்றுப் பின்னோக்கி நிமிர்ந்திருந்தால்தான் பிடிக்குப் பலம் வரும். ஐயமிருந்தால் உங்கள் நல்ல கையை முழுமையாக உள்ளே மடக்கிவிட்டு இறுகப் பொத்திப் பாருங்கள், பலம் எங்கே போயிற்று என்று உடனே விளங்கும்.

எலும்பு ஒட்டியிருப்பதாக நிபுணர் சொன்ன பிறகு, பொதுவாக ஆறு வாரமளவில், நல்ல கையால் உதவிக் கூடுதலாக நீட்டலாம். கும்பிடுவதுபோல் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்து, அவை பிரியாதபடி முழங்கைகளை மெல்ல உயர்த்துவது பின்னோக்கி நிமிர்த்தும் அசைவுக்கு ஏற்றது. புறங்கைகளைச் சேர்த்து விரல்கள் கீழ்நோக்குமாறு வைப்பது மடக்குவதற்கு ஏற்றது. அரை நிமிடம் நிதானமாக வைத்திருங்கள், குலுக்கித் தள்ள வேண்டாம்.

கையைக் கவிழ்க்க முடிகிறது, மலர்த்த முடியவில்லை. இது ஏன்?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதற்கு அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன். உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பும் அசைவே பெரும்பாலானோருக்குக் கடைசியில் திரும்புகிறது, பயிற்சியிலும் அதுவே மறக்கப்படுகிறது. அதை இழந்தவர்கள் எங்களிடம் சொல்வது கோணக் கணக்கில் அல்ல. கோயிலில் தீர்த்தம் வாங்கக் கையேந்தினால் அது விளிம்பால் வழிந்துவிடுகிறது என்கிறார்கள். தொழுகைக்கு முன் கை முகம் கழுவி வுழூச் செய்யும்போது இரு கையாலும் தண்ணீர் அள்ள முடியவில்லை என்கிறார்கள். கடையில் மிச்சக் காசு வாங்கும்போது கையைத் தூக்கித் தோளைச் சாய்க்க வேண்டியிருக்கிறது, சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது பாதி சிந்துகிறது என்கிறார்கள்.

ஆரை எலும்பு தன் இணையான அரந்தியைச் சுற்றிச் சுழல்வதாலேயே கை கவிழ்ந்து மலர்கிறது. முறிவு ஏற்பட்டது அந்தச் சுழற்சி நடக்கும் மூட்டின் பக்கத்தில். போதாததற்கு, வலிக்கும் கையை நாம் இயல்பாகவே வயிற்றோடு அணைத்து, உள்ளங்கை உள்நோக்கியபடி வைத்துக்கொள்கிறோம். அதே நிலையில் வாரக்கணக்கில் இருந்தால் மூட்டுறை அந்த அளவுக்கே சுருங்கிவிடுகிறது.

முழங்கையைச் செங்கோணத்தில் மடித்து விலாவோடு சேர்த்து வையுங்கள். விலாவுக்கும் முழங்கைக்கும் இடையில் ஒரு சிறிய துவாயைச் செருகி, அது கீழே விழாதபடி உள்ளங்கையை மேலே திருப்பி ஐந்து வினாடி பிடியுங்கள். துவாய் விழுந்தால் திரும்பியது தோளேயன்றி முன்கையன்று. எலும்பு ஒட்டிய பின்னர் அகப்பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிரட்டையை ஒட்டிய இடத்தில் பிடித்து, அதன் பாரம் கையைத் தானாகவே மலர்த்தும்படி மெதுவாகச் சாயவிடுங்கள். நாட்கள் செல்லச் செல்லக் காம்பின் நுனியை நோக்கிப் பிடியை நகர்த்தினால் நெம்புபலம் கூடும். அகப்பை போதாமற் போகும்போது சுத்தியலுக்கு மாறலாம். பயிற்சி நேரம் தவிரவும், தொலைக்காட்சி பார்க்கும்போது கையை மடியில் மலர்த்தி வைத்திருப்பதைப் பழக்கமாக்குங்கள்.

வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா?

இழுப்பதுபோன்ற வலி பயிற்சியின்போது வருவதும், முடித்தபின் அரை மணித்தியாலத்துக்குள் தணிவதும் பாதுகாப்பானது. மறுநாள் காலையில் வீக்கமும் வலியும் முன்பைவிடக் கூடியிருந்தால் செய்தது அதிகம். தடவைகளைப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்திவிட வேண்டாம். எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன் எடுப்பது பயன் தரும். காயம் முழுமையாக ஆறியபின் மிதமான வெந்நீரில் பத்து நிமிடம் கையை வைத்துவிட்டுத் தொடங்கினால் மூட்டு இளகும். விரல் மரத்திருப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் சூடு தெரியாமற் போகலாம், ஆகவே அவர்கள் நல்ல கையால் நீரின் சூட்டைப் பார்த்த பின்பே கையை வைக்க வேண்டும்.

முறிவு வைத்தியரிடம் போய் எண்ணெய் போட்டு உருவிவிடலாமா?

நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக முறிவு நெரிவு பார்க்கும் குடும்பங்கள் உள்ளன, அவர்கள்மீது மக்களுக்குள்ள மதிப்பை நான் குறைத்துப் பேசப் போவதில்லை. ஆனால் உள்ளே தகடும் திருகாணியும் இருக்கும் கையைப் பலமாக உருவுவதும், இழுத்து நெட்டி முறிப்பதும், இறுக்கி மருந்துப் பத்துக் கட்டுவதும் ஆபத்தானவை. ஒட்டிக்கொண்டிருக்கும் எலும்புத் துண்டு நகரலாம். கட்டு இறுகினால் இரத்தவோட்டம் தடைப்படலாம். காயத்தின் மேல் இலைச்சாறு பட்டால் கிருமி தொற்றலாம். இறுகிய மூட்டை மற்றவர் பலத்தால் ஒரே நாளில் திறக்க முயன்றால், உள்ளே கிழிந்த இடம் மறுபடி வீங்கி, முன்பைவிட அதிகமாக இறுகும். காயம் ஆறிய பிறகு, தேங்காயெண்ணெய் தொட்டு உங்கள் பெருவிரலாலேயே தழும்பை வட்டமாக அழுத்தித் தேய்ப்பது நல்லது. தழும்பு கீழேயுள்ள தசைநாணோடு ஒட்டாமல் இருக்க அது உதவும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஐந்து நிமிடம் போதும்.

எந்த வேலையை எப்போது செய்யலாம்?

முதல் ஆறு வாரங்களுக்கு, தேநீர்க் கோப்பையைவிடப் பாரமானதை அந்தக் கையால் தூக்க வேண்டாம். முகம் கழுவுதல், சட்டைப் பொத்தான் போடுதல், பேனை பிடித்தல், சோறு பிசைந்து உண்ணுதல் போன்றவற்றை இயன்றவரை அந்தக் கையாலேயே செய்யுங்கள். வீட்டார் அன்பினால் ஊட்டிவிடுவது கையை மேலும் சோம்பலாக்கும்.

எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியது தெரிந்தபின் பலப்பயிற்சி தொடங்குகிறது. ஈரத் துவாய் பிழிவதும், கோதுமை மா குழைப்பதும், வெந்நீர் ஊற்றிய தேங்காய்ப்பூவைப் பால் பிழிவதும் பந்து அமுக்குவதற்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல. தேங்காய் துருவுவதற்குப் பலத்தோடு மணிக்கட்டுச் சுழற்சியும் வேண்டும் என்பதால் அதை இன்னும் சில வாரம் தள்ளிப் போடுங்கள். மருதமுனையின் கைத்தறிக்காரர்கள் தறிக்குத் திரும்புமுன் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நிரம்பிய கிணற்று வாளி பத்து லீற்றர் என்றால் பத்துக் கிலோ. அதை இழுப்பதும், மண்வெட்டி பிடிப்பதும், வலை இழுப்பதும், நெல் மூட்டை தூக்குவதும் பொதுவாக மூன்று மாதத்துக்குப் பின்னரே. மோட்டார் சைக்கிளை, திடீரென்று பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்த முடிகிறதா என்று நிறுத்திய நிலையில் பரீட்சித்த பிறகே வெளியே எடுங்கள்.

தொழுகையில் ஸுஜூதின்போது உள்ளங்கையைத் தரையில் ஊன்றுவது பற்றிக் காத்தான்குடியிலும் கல்முனையிலும் இருந்து வருபவர்கள் தவறாமல் கேட்கிறார்கள். அந்த நிலைக்கு மணிக்கட்டு நன்றாகப் பின்னோக்கி நிமிர வேண்டும், அதோடு உடலின் பாரத்தையும் தாங்க வேண்டும். எலும்பு ஒட்டும்வரை கதிரையில் அமர்ந்து தொழுங்கள். ஒட்டியபின் முதலில் சுவரில் உள்ளங்கையை ஊன்றிச் சாயுங்கள், சில நாட்களில் மேசைக்கு, பிறகு கட்டில் விளிம்புக்கு என்று படிப்படியாகத் தாழ்த்தி, இறுதியில் தரைக்கு வாருங்கள். தரையில் கையூன்றி எழும்புகிறவர்கள் எல்லோருக்கும் இதே வரிசைதான்.

கிளினிக் தூரம், ஒவ்வொரு வாரமும் வர முடியாது. வீட்டில் செய்தால் போதாதா?

மண்டூரில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து, பிறகு பேருந்து பிடித்து வருகிறவருக்கு ஒரு கிளினிக் என்பது ஒரு நாட்கூலி. சிக்கலில்லாத முறிவு என்றால், முறையாகக் கற்றுக்கொண்டு வீட்டில் ஒழுங்காகச் செய்பவர்கள் கிளினிக்குக்கு அடிக்கடி வருபவர்களைவிடப் பின்தங்குவதில்லை. ஆனால் முதல் தடவை கற்றுக்கொள்ளவும், இழை வெட்டும் நாளிலும், ஆறாவது வாரத்திலும் கட்டாயம் வாருங்கள். அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். வரும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து அவருக்கும் பயிற்சியைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். வர முடியாத வாரங்களில், பொத்திய விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மறு கையின் எத்தனை விரல் நுழைகிறது என்று பார்த்துக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரமாக அந்த எண் குறையவில்லை என்றால் காத்திருக்காமல் வாருங்கள்.

எந்த அறிகுறிகளைக் கண்டால் உடனே வர வேண்டும்?

கட்டுக்குள் தாங்க முடியாத வலி ஏறிக்கொண்டே போவது, விரல்கள் நீலம் பாய்வது அல்லது வெளிறிக் குளிர்வது, விரலை மற்றவர் நீட்டும்போது அலறத் தோன்றுவது ஆகியவை அவசரமானவை. இரவென்று பார்க்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் வாருங்கள். காயத்தில் சீழ், சிவப்பு, காய்ச்சல் இருந்தால் அன்றே வர வேண்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போய் நாளுக்கு நாள் கூடினால் நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள். வாரங்கள் கழிந்தபின் பெருவிரலைத் திடீரென்று நீட்டவோ நுனியை மடக்கவோ முடியாமற்போனால் தசைநாண் அறுந்திருக்கலாம். வலியில்லை என்பதற்காக அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காயத்துக்குப் பொருந்தாத எரிவலி, போர்வை பட்டாலே தாங்காத கூச்சம், கையின் நிறமும் வியர்வையும் சூடும் மாறுவது, பளபளக்கும் வீக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது தனியான ஒரு வலி நோய். அதை எவ்வளவு முன்னதாகக் கண்டுகொள்கிறோமோ அவ்வளவு நல்லது. இத்தகைய நோயாளியை வீட்டார் 'சின்ன வலிக்குப் பயப்படுகிறார்' என்று கடிந்துகொள்வதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள், அவர் வலி உண்மையானது.

தகட்டைப் பின்னர் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. தசைநாணை உரசினாலோ வேறு தொந்தரவு தந்தாலோ மட்டும் நிபுணர் எடுக்கச் சொல்வார்.

கை பழையபடி முழுமையாக வருமா?

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாகவும், பிறகு மெதுவாக ஓராண்டு வரையிலும் நடக்கும். மணிக்கட்டு இயல்பாக ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 70 பாகை மடங்கி நிமிர்ந்தாலும், அன்றாட வேலைகளில் பெரும்பகுதிக்கு ஒவ்வொரு பக்கமும் 40 பாகை போதும். கவிழ்த்து மலர்த்துவதற்கு ஒவ்வொரு பக்கமும் 50 பாகை இருந்தால் பெரும்பாலான வேலைகள் நடக்கும். முறிவு மூட்டுக்குள் சென்றிருந்தால் கடைசிச் சில பாகைகள் திரும்பாமற் போகலாம். அதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிடுவதே நேர்மை என்று நினைக்கிறேன். புகைபிடிப்பது எலும்பு ஒட்டுவதைத் தாமதிக்கச் செய்கிறது. வெற்றிலையோடு போடும் புகையிலையிலும் அதே நிக்கோட்டின்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு 62 வயது. கிணற்றடியில் வழுக்கித்தான் விழுந்தார், அதற்கே முறிந்துவிட்டது. இது சாதாரணமா?

நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிவது, ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதற்கான முதல் அடையாளமாக இருக்கக்கூடும். கையைச் சரிசெய்து அனுப்பிவிட்டு இதைக் கேட்காமல் விட்டால், அடுத்து முறிவது இடுப்பெலும்பாக இருக்கலாம். அதிலிருந்து எழும்புவது மிகவும் கடினம். அடுத்த கிளினிக்கில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்தலி, கீரை ஆகியவை உணவில் இருக்கட்டும். காலை வெயிலில் சிறிது தூரம் நடக்கட்டும். கிணற்றுக் கட்டிலுள்ள பாசியை இந்த வாரமே உரஞ்சிக் கழுவி, நல்ல கையால் பற்றிக்கொள்ள ஒரு கம்பியும் நட்டுக்கொடுங்கள். அம்மா திரும்பவும் அங்கேதான் குளிக்கப் போவார்.